காப்சூல் மேல் படிந்த கை

கேள்வி:

வணக்கம் மேடம். தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றின் போதைப்பொருள் பிரிவில் வேதியியலாளராகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு பறிமுதலில் சில நூறு காப்சூல்கள் வந்திருக்கின்றன. சின்னச் சின்ன ஜிப் கவர்களில் போட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு பொட்டலம் தூளும் கொஞ்சம் மாத்திரைகளும் உண்டு. கவர்களைப் பலபேர் தொட்டுவிட்டார்களாம், அதனால் காப்சூலிலிருந்தே டி.என்.ஏ. எடுத்துத் தர முடியுமா என்று விசாரணை அதிகாரி கேட்கிறார். என் மேலதிகாரியோ, "வழவழவென்று இருக்கிற காப்சூலில் என்ன ஒட்டியிருக்கும்? ஒட்டியிருந்தாலும் மருந்தே அதை அரித்திருக்கும், நேரத்தை வீணாக்காதே" என்கிறார். நிஜமாகவே முடியுமா? கிடைத்தால் அந்த ஆள்தான் காப்சூலை அடைத்தார் என்று சொல்லிவிடலாமா? முதலில் என் பரிசோதனையை முடித்துவிட்டு, அப்புறம் டி.என்.ஏ. பிரிவுக்கு அனுப்பினால் போதும்தானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

வணக்கம். போகிற போக்கில் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டும். போதாது. பையின் சீல் இன்னும் உடைபடவில்லை என்றால் உடைக்காதீர்கள். டி.என்.ஏ. பிரிவில் ஒருவரிடம் பேசிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உங்கள் பிரிவின் வழக்கமான வேலை எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பையைப் பிரித்துத் தட்டில் கொட்டுவீர்கள், எண்ணுவீர்கள், எடை போடுவீர்கள், சிலவற்றைத் தேர்ந்தெடுத்து உடைத்து, பொடித்து, கலந்து கருவிக்கு அனுப்புவீர்கள். வேதியியலுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. டி.என்.ஏ.வுக்கோ ஒவ்வொரு படியிலும் நஷ்டம். கொட்டும்போதே காப்சூல்கள் ஒன்றோடொன்று உரசி, ஒன்றின் மேல் இருந்தது இன்னொன்றுக்குப் போய்விடுகிறது. ஒரே கையுறையோடு நூறு காப்சூலை எண்ணினால் அந்தக் கையுறை நூற்றுக்கும் பொதுவான தூரிகை மாதிரி ஆகிவிடும். நீங்கள் போடும் கையுறை மருந்திடமிருந்து உங்களைக் காப்பாற்றத்தான். உங்களிடமிருந்து காப்சூலைக் காப்பாற்ற அதை அடிக்கடி மாற்ற வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும். பேசும்போது தெறிக்கும் எச்சிலில் இருக்கும் டி.என்.ஏ.வுக்கு முன்னால் ஒரு விரல் விட்டுச்செல்வது ஒன்றுமே இல்லை.

சுத்தம் செய்யும் முறையும் இரண்டு பிரிவுகளுக்கும் வேறு. உங்கள் மேசையையும் தராசுத் தட்டையும் கரண்டியையும் மெத்தனால் போட்டுத் துடைப்பீர்கள். முந்தைய வழக்கின் மருந்து அதில் போய்விடும். டி.என்.ஏ. போகாது. ஆல்கஹாலால் டி.என்.ஏ. அழிவதில்லை, இடம் மாறுவதோடு சரி. அதைச் சிதைக்க ஹைப்போகுளோரைட், அதாவது சலவை பிளீச் கரைசல் வேண்டும். பிறகு பிளீச்சின் மிச்சம் இல்லாமல் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் தேடி வந்ததையே அது அழித்துவிடும்.

இன்னொரு சிக்கலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நச்சுத் தூளும் ஆவியும் உங்கள் மேல் படாமலிருக்க நீங்கள் பயன்படுத்தும் புகைபோக்கிப் பெட்டி அறைக் காற்றை உள்ளே இழுத்து, பொருளின் மேல் ஓடவிட்டு வெளியே தள்ளும். உங்களுக்குப் பாதுகாப்பு, ஆனால் அறையில் மிதக்கும் தூசியெல்லாம் காப்சூல் மேல்தான் வந்து விழும். டி.என்.ஏ. பிரிவில் இருக்கும் சுத்தக் காற்று மேசை நேர் எதிர். வடிகட்டிய காற்றைப் பொருளின் மேல் ஊதி, உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு அனுப்பும். காப்சூலுக்கு நல்லது. உள்ளே, துளியளவே உயிரைப் பறிக்கக்கூடிய ஃபென்டனில் வகைத் தூள் இருந்து ஒரு காப்சூல் பிளந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் காக்கிற இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிதான் இந்த வேலைக்குச் சரி. டி.என்.ஏ. பிரிவுக்காரர்களுக்கு மருந்தின் ஆபத்து தெரியாது, உங்களுக்கு மாசுபடுதலின் ஆபத்து தெரியாது. அதனால்தான் முதல்முறை பையைத் திறக்கும்போது இரண்டு பிரிவிலிருந்தும் ஆளுக்கொருவர் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சரி, முடியுமா என்ற கேள்விக்கு வருவோம்.

முடியும். உங்கள் மேலதிகாரியின் சந்தேகத்தைக் கேலி செய்ய மாட்டேன், ஒரு காலத்தில் எல்லாருக்கும் இருந்த சந்தேகம்தான். தொட்ட பொருளிலிருந்து ஒருவருடைய டி.என்.ஏ. வகைமாதிரியை எடுக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் வான் ஊர்ஷாட்டும் ஜோன்ஸும் 'நேச்சர்' இதழில் எழுதியது 1997-இல். அதற்கு முன் ரத்தம், எச்சில், விந்து என்று கண்ணுக்குத் தெரிகிற கறைகளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். காப்சூல்களைப் பற்றியே தனியாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அடிலெய்டில் உள்ள ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் இதில் தொடர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

அளவைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மனித உயிரணு ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 6.6 பிகோகிராம். டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளை வைத்து ஆளை அடையாளம் காணும் இப்போதைய எஸ்.டி.ஆர். கிட்களுக்கு அரை முதல் ஒரு நானோகிராம் (ஆயிரம் பிகோகிராம்) கொடுத்தால் சௌகரியமாக வேலை செய்யும். அதாவது ஏறக்குறைய 75 முதல் 150 உயிரணுக்களின் சரக்கு. அதைவிடக் குறைவாக இருந்தாலும் முடிவு வரலாம். ஆனால் சில அல்லீல்கள், அதாவது ஆளுக்கு ஆள் மாறும் டி.என்.ஏ. வடிவங்கள், காணாமல் போகும், சில எங்கிருந்தோ வந்து சேரும். ஒரு தொடுதலில் ஒன்றுமே படியாமலும் போகலாம், சில நானோகிராம் படியவும் செய்யலாம். தோலின் மேலடுக்கில் உதிரும் செல்கள் பெரும்பாலும் உட்கருவை இழந்தவை. ஆகவே விரல் விட்டுச்செல்வதில் நல்ல பங்கு வியர்வையில் மிதக்கும் உதிரி டி.என்.ஏ., அப்புறம் முகம், மூக்கு, வாய் என்று கை போன இடங்களிலிருந்து ஒட்டி வந்தது. சிலர் அதிகம் விடுவார்கள், சிலர் தடவித் தேய்த்தாலும் விடமாட்டார்கள். அதே ஆளுக்கே காலையில் ஒரு மாதிரி, கை கழுவியபின் ஒரு மாதிரி.

காப்சூலுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. கையால் அடைப்பவர் மூடியையும் உடலையும் பிடித்து இழுத்துப் பிரிக்க வேண்டும், தூளை நிரப்ப வேண்டும், மறுபடி அழுத்தி மூட வேண்டும். வழுக்குகிற சின்னப் பொருள் என்பதால் விரல் நுனியை நன்றாக அழுத்தித்தான் இதைச் செய்ய முடியும். ஒரு பையைக் கை மாற்றுவதைவிட இதில் அழுத்தமும் உரசலும் அதிகம். அதோடு, மூடியபின் உடலின் மேல்பாதி மூடிக்குள் போய்விடுகிறது. மூடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு விரல் பட்டிருந்தால், அதற்கப்புறம் விற்றவர், வாங்கியவர், பறிமுதல் செய்தவர் என்று எத்தனை பேர் தொட்டாலும் அந்தப் பகுதியைத் தொடவில்லை. நானாக இருந்தால் வெளிப்புறத்துக்கு ஒரு ஸ்வாப் (துடைத்தெடுக்கும் பஞ்சுக்குச்சி), மூடியைக் கழற்றி அதற்குள் இருந்த பகுதிக்கு இன்னொரு ஸ்வாப் என்று தனித்தனியாக எடுப்பேன். கழற்றும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுத்துவிடாமல் இருக்க, முதலில் வெளிப்புறத்தை முடித்துவிட்டு, கையுறை மாற்றி, புதிய இடுக்கியோடு கழற்ற வேண்டும். அதன்பின் உள்ளே இருக்கும் தூள் உங்களுக்கு. வேதியியல் பரிசோதனைக்கு ஓடு தேவையில்லை என்பதால் இதில் யாருக்கும் இழப்பில்லை.

எங்கே துடைப்பது என்று தெரியாமல் துடைக்க வேண்டாம் என்பவர்களுக்கு டைமண்ட் சாயம் இருக்கிறது. டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு நீல ஒளியில் மினுங்கும், பின்னால் டி.என்.ஏ.வைப் பலமடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆருக்கும் தொந்தரவு தராது. எது மனிதனுடையது, எது பாக்டீரியாவுடையது என்று அதற்குத் தெரியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

துடைப்பதில் பழகாதவர்கள் தடுமாறும் இடம் ஈரம். பெரும்பாலான காப்சூல் ஓடு ஜெலட்டின். ஸ்வாப்பை வழக்கம்போல நனைத்துத் தேய்த்தால் ஓடு இளகிப் பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டும். அந்தப் பசையெல்லாம் பிரித்தெடுப்புக் குழாய்க்குள் போகும். மிகக் குறைவாக ஈரப்படுத்திய ஸ்வாப்பைச் சுழற்றிக்கொண்டே, ஒரே இடத்தில் நின்றுவிடாமல் தேய்க்க வேண்டும். ஈரமே வேண்டாம் என்றால் ஒட்டுநாடாவால் எடுக்கலாம். எதுவானாலும் வெறும் காப்சூலை வாங்கி, உங்கள் கையால் தொட்டு, உங்கள் ஆய்வகத்தில் எந்த முறை எவ்வளவு தருகிறது என்று முதலில் சோதித்துப் பாருங்கள். வழக்குப் பொருளில் கற்றுக்கொள்ளக் கூடாது.

மாத்திரை கொஞ்சம் கஷ்டம். சுண்ணாம்புபோல உதிரும், சாயமும் கலந்து வரும். இயந்திரத்தில் அழுத்தியதென்றால் செய்தவர் விரல் அதில் பட்டே ஆக வேண்டும் என்றில்லை. தூளுக்கோ துடைக்க ஒரு மேற்பரப்பே இல்லை. கரைத்து வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். கிடைத்தாலும் அது அரைத்தவர், கலந்தவர், பக்கத்தில் நின்று இருமியவர் என்று யாருடையதாகவும் இருக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் காப்சூலில்தான் தொடங்குவேன், தூளைக் கடைசிக்கு வைப்பேன்.

பலபேர் தொட்டார்கள் என்பதற்காகக் கவர்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். முடிச்சின் உள்மடிப்பு, ஜிப்பின் விளிம்பு, டேப்பின் பசைப்பக்கம் இவையெல்லாம் பிற்பாடு தொட்டவர்கள் எட்டாத இடங்கள். கைரேகைக்காரர்களும் அதே கவரைக் கேட்பார்கள். கைரேகையைத் தெரியவைக்க சூப்பர் குளூ ஆவி பிடித்தபின் டி.என்.ஏ. எடுப்பது நடக்கிற காரியம்தான். வழக்குக்கு வழக்கு கழுவாமல் போகும் கைரேகைப் பொடித் தூரிகைதான் பயமுறுத்துகிறது. அதில் முந்தைய வழக்குகளின் டி.என்.ஏ.வும் கூடவே வரும்.

மருந்து டி.என்.ஏ.வை அரிக்குமா? பெரும்பாலும் இல்லை. டி.என்.ஏ.வைச் சிதைப்பது ஈரம், சூடு, புற ஊதா ஒளி, நுண்ணுயிர்களின் நொதிகள், கடும் அமிலம். ஈரமில்லாத காப்சூல், இருட்டான பை என்பது பார்க்கப்போனால் நல்ல சேமிப்பிடம்தான். தயாரிப்பில் மிஞ்சிய அமிலம் தூளில் தங்கியிருந்தால் அது வேறு கதை. உண்மையான தொல்லை, ஸ்வாப்போடு வரும் மருந்தும் கலப்படப் பொருளும் ஜெலட்டினும் பி.சி.ஆர். நொதியை மந்தமாக்கக்கூடும் என்பது. டி.என்.ஏ.வைச் சிலிக்காவிலோ காந்த மணிகளிலோ ஒட்டவைத்துக் கழுவும்போது இதில் பெரும்பகுதி போய்விடும். போகாமல் இருந்தால் டி.என்.ஏ.வை அளவிடும் கட்டத்தில், சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கூடவே சேர்க்கும் உள்கட்டுப்பாட்டு மாதிரியே காட்டிக்கொடுக்கும். அந்தக் கழுவலில் கொஞ்சம் டி.என்.ஏ.வும் போய்விடுகிறதே என்று பிரித்தெடுப்பையே தவிர்த்து, பஞ்சை நேரடியாகப் பி.சி.ஆரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திறமையான வழிதான். ஆனால் அழுக்கும் கூடவே போகும், எவ்வளவு இருந்தது என்று அளந்திருக்க மாட்டீர்கள், மாதிரியும் ஒரே ஓட்டத்தில் தீர்ந்துவிடும். முதல் முயற்சிக்கு எனக்கு அது பிடிக்காது.

பத்துக் காப்சூலை ஒரே ஸ்வாப்பில் துடைத்தால் கூடுதலாகக் கிடைக்காதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிடைக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து அடைத்திருந்தால் இருவரும் ஒரே குழாய்க்குள் கலந்துபோவார்கள், பிரிக்க முடியாமல் அவதிப்படுவீர்கள். வெவ்வேறு கவர்களிலிருந்து ஒன்றிரண்டாக எடுத்துத் தனித்தனியே பார்த்துவிட்டு, வெறுமையாக வந்தால் மட்டும் சேர்த்துத் துடைக்கலாம். ஒரு பகுதியை யாரும் தொடாமல் அப்படியே வையுங்கள். எதிர்த்தரப்பு மறுபரிசோதனை கேட்டால் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.

இத்தனை சிறிய அளவில் வேலை செய்யும்போது வெற்று மாதிரிகள் இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன். பயன்படுத்தாத ஸ்வாப் ஒன்று, துடைத்த தட்டின் ஸ்வாப் ஒன்று, கையுறையின் மேற்புறம் ஒன்று. ஜெர்மனியில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹைல்பிரான் நகரில் 2007-இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளில் சுமார் 40 சம்பவ இடங்களில் கிடைத்த ஒரே பெண்ணின் டி.என்.ஏ.வோடு பொருந்தியது. அதில் ஒன்று ஹெராயின் இருந்த ஊசி. 2009-இல்தான் தெரிந்தது, அது ஸ்வாப் தயாரிப்பில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது என்று. ஸ்வாப்கள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அங்கேயே இருக்கும். 2016-இல் இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 18385 தரம் வந்தது. உங்கள் கிடங்கில் இருக்கும் ஸ்வாப் பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, அடைத்தவர் அவர்தான் என்று சொல்லலாமா என்ற கேள்வி. சொல்லக் கூடாது. குறைந்தபட்சம், ஆய்வகம் சொல்லக் கூடாது.

நாம் சொல்ல முடிந்தது, இந்த ஸ்வாப்பில் கிடைத்த டி.என்.ஏ. கலப்புக்கு இவர் பங்களித்திருந்தால் இப்படியொரு முடிவு வருவதற்கான வாய்ப்பு, இவருக்குப் பதில் தொடர்பில்லாத ஒருவர் பங்களித்திருந்தால் வருவதைவிட எத்தனை மடங்கு என்பதுதான். எஸ்.டி.ஆர். மிக்ஸ், யூரோ ஃபார் மிக்ஸ் போன்ற மென்பொருள்கள் கணக்கிட்டுத் தருவது அதைத்தான். எத்தனை கோடி மடங்கு என்று வந்தாலும் அந்த எண்ணுக்கு 'யாருடையது' என்பதோடு வேலை முடிந்தது. எப்படி வந்தது, எப்போது வந்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. 'குற்றமற்றவராக இருக்க வாய்ப்பு கோடியில் ஒன்று' என்று யாராவது அதைப் படித்தால் உடனே திருத்துங்கள்.

கலிபோர்னியாவில் 2012-இல் நடந்த ஒரு கொலையில் இறந்தவரின் நகத்தில் ஒருவருடைய டி.என்.ஏ. கிடைத்து, அவரைச் சிறையில் வைத்தார்கள். கொலை நடந்த இரவில் அவர் மிதமிஞ்சிக் குடித்து மருத்துவமனையில் கிடந்தார் என்று சில மாதம் கழித்துத் தெரிந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அதே மருத்துவ உதவியாளர்கள்தான் சில மணி நேரத்தில் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். ஆய்வகத்தின் முடிவில் தவறில்லை, டி.என்.ஏ. அவருடையதுதான். நகத்தில் உள்ள டி.என்.ஏ.வே இப்படி என்றால், கைமாறுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு காப்சூலைப் பற்றி என்ன சொல்ல. வாங்கித் தின்ன வந்தவர் கவருக்குள் கைவிட்டிருக்கலாம். கைது செய்தவர் எண்ணியிருக்கலாம். அடைத்தவரோடு கைகுலுக்கியவருடையது அடைத்தவர் விரல் வழியாக வந்திருக்கலாம்.

அதற்காக முடிவுக்கு மதிப்பே இல்லை என்று ஆகாது. மதிப்பு எங்கே கூடுகிறது என்று பார்க்க வேண்டும். சந்தேக நபர் "அந்தக் கவரை என் நண்பனுக்காக ஒருமுறை தூக்கினேன், திறக்கவே இல்லை" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு கவர்களில் இருந்த காப்சூல்களில், மூடிக்குள் மறைந்த பகுதியில், திரும்பத் திரும்ப அவருடையதே பிரதானமாக வந்தால் அவர் சொல்வதோடு அது ஒத்துப்போவது கடினம். ஒரே ஒரு காப்சூலின் வெளிப்புறத்தில் மெலிதாக வந்தால் அவர் சொல்வதோடும் ஒத்துப்போகும், விசாரணை அதிகாரி சொல்வதோடும் ஒத்துப்போகும். இப்படி இரண்டு கதைகளையும் எதிரெதிரே வைத்து எடைபோடுவது தனியான மதிப்பீடு. அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் டி.என்.ஏ. பிரிவில் இருப்பார்கள், அவர்கள் செய்யட்டும். உங்கள் அறிக்கையில் 'தொட்டார்', 'கையாண்டார்' என்ற வார்த்தைகளே வேண்டாம். இன்ன இடத்திலிருந்து எடுத்த மாதிரியில் இன்னாருடையதோடு ஒத்துப்போகும் டி.என்.ஏ. கிடைத்தது, அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் அவர் தொடவில்லை என்றும் எழுதக் கூடாது.

நீதிமன்றத்தைவிட விசாரணைக்குத்தான் இந்த வேலை அதிகம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம். வேறு வேறு சமயத்தில், வேறு வேறு ஆட்களிடம் பிடித்த இரண்டு பறிமுதல்களில் காப்சூலுக்குள் ஒரே அடையாளம் தெரியாத நபர் வந்தால், அவர் யாரென்று தெரியாமலேயே இரண்டும் ஒரே மேசையிலிருந்து வந்திருக்கலாம் என்று தேட ஆரம்பிக்கலாம். மருந்தில் உள்ள மாசுகளின் ஒப்பீடு, மாத்திரை அச்சின் கீறல் என்று நீங்கள் ஏற்கெனவே செய்வதோடு இது கைகோக்கும். உங்கள் மேலதிகாரியிடம் இந்தக் கோணத்திலிருந்து பேசிப் பாருங்கள். "வீண்" என்றவர், பழைய வழக்குகளில் மிச்சம் வைத்த காப்சூல்கள் எங்கே என்று தேடத் தொடங்கினாலும் தொடங்குவார்.

விசாரணை அதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பறிமுதலின்போது பையைத் திறந்தவர்கள், எண்ணியவர்கள், சீல் வைத்தவர்கள் எல்லாருடைய பெயரும், விலக்கிப் பார்ப்பதற்கான டி.என்.ஏ. மாதிரியும். யாரும் கையுறை போட்டார்களா, மாற்றினார்களா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுடையதும், உங்கள் பிரிவில் அந்தப் பையைத் தூக்கியவருடையதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இதை இந்த வாரமே கேளுங்கள். இடமாற்றமாகிப் போனபின் ஒருவரிடம் கன்னத்து ஸ்வாப் வாங்குவது காப்சூலிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதைவிடக் கஷ்டம்.